என்னிடம் யாரும் சொல்லவில்லை

அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம், பிள்ளை. அதற்கு ஒரு கால் ஆட்டம். இந்தப் பிரம்பு நாற்காலிக்கு வாருங்கள், பழையது என்றாலும் உறுதியானது. பார்த்தீர்களா, சொல்லிவிட்டேன். இதற்கு மேல் அதில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து நீங்கள் கீழே விழுந்தால், பாதிப் பழி உங்கள் தலையில். விருந்தினர் வந்து தங்கும் இடத்தை நடத்துகிறவன் முதலில் பழக வேண்டியது இதுதான்.

எனக்கு மட்டும் கண்ணாடிக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார ஓர் இடம் விடுங்கள். காலையிலிருந்து எதிர்ப்பக்கத்து அஞ்சடி நடைபாதையில், அந்த மணிசேஞ்சர் கடை வாசலில், ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். மழைச்சாரல் அடிக்கிறது. உள்ளே வந்து நில் என்று கடைக்காரர் சொல்லியும் நகர மாட்டேன் என்கிறாள். நான் கதவைப் பார்த்து உட்கார்ந்தால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும், சிந்துஜா. எங்கள் ஹோட்டலில் ஏழாம் அறையில் தங்கியிருந்த செல்வநாயகி ஆன்ட்டி குளிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்துபோனார். இங்கே மின்வேலை பார்த்த காஜா மொய்தீனைப் போலீஸ் கொண்டுபோய் லோக்காப்பில் வைத்திருக்கிறது. வெளியே நிற்பவள் அவன் மனைவி ஹமீதா. தயாளன் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் தன் புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டு நிற்கிறாள். அவள் நினைப்பதில் தப்பில்லை. அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. அதை ஏன் போலீசில் சொல்லப்போவதில்லை என்பதை உங்களிடம் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

முதலாளி முஸ்தஃபா உங்களை அனுப்பியது எனக்கு வக்கீலாக. கட்சிக்காரன் சொல்வதை வக்கீல் வெளியே விட முடியாது. அந்தத் தைரியத்தில்தான் வாயைத் திறக்கிறேன். ஏனென்றால் என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. படுத்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் மாடிக்குப் போகிறேன், மாடியிலிருந்து இறங்கி வந்து துடைத்த மேசையைத் திரும்பத் துடைக்கிறேன். நீங்கள் வருவதற்கு முன் அந்தச் சாவி மாட்டும் பலகையை எத்தனை தடவை கழற்றி மாட்டினேன் என்று எனக்கே தெரியாது.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் அரசாங்க ஆபீஸ்களில் பேனா பிடித்தவர்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். நான் வக்கீல் ஆபீசில் பிடித்தேன். முடி நரைக்கும்வரை கிளார்க். கோப்பு தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவேன், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அங்கேதான் ஒரு ஹோட்டல் மேனேஜரைப் பார்த்தேன். வேறு ஊர் ஹோட்டல். ஈரப் படிக்கட்டில் விருந்தாளி ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட வழக்கு. படி வழுக்குகிறது என்று காலையில் உங்களிடம் யாராவது சொன்னார்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அந்த மனிதர் நல்லவர். “ஆமாம் சார், கூட்டுகிற அம்மா சொன்னாங்க” என்றார். வக்கீல் அதற்கு மேல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குள் நின்றுவிட்டது. படி வழுக்கியதால் அந்த ஹோட்டல் தோற்கவில்லை, பிள்ளை. சொன்னதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டதால் தோற்றது.

கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முஸ்தஃபா என்னை இங்கே மேனேஜராக அழைத்தார். அவருடைய பாட்டனார் மிளகு வியாபாரம் செய்த கடைவீடு இது. அதனால் ‘ருமா லாடா’, மிளகு வீடு, என்று மலாயில் பெயர் வைத்து, கீழே வரவேற்பு, மேலே அறைகள் என்று மாற்றியிருந்தார். சூலியா தெருவுக்கு ஒரு சந்து தள்ளி இப்படி ஓர் இடம் வைத்திருந்தால் வெள்ளைக்காரனும் வருவான், சிங்கப்பூர்க்காரனும் வருவான், ஆஸ்பத்திரிக்கு வருகிற நம் ஆட்களும் வருவார்கள். நான் வந்தவுடன் செய்த முதல் காரியம், விருந்தாளியின் பொருளுக்கு விடுதி எந்த அளவுக்குப் பொறுப்பு என்ற சட்ட அறிவிப்பைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியது. அதோ, உங்கள் தலைக்கு மேல். பொருள் களவு போனால் அந்தக் கண்ணாடிச் சட்டம் நம்மைக் காப்பாற்றும். உயிருக்கு அந்த மாதிரி ஒரு சட்டம் கிடையாது. உயிருக்கு நாமாகத்தான் வழி செய்துகொள்ள வேண்டும்.

நான் செய்த வழி சின்னது. இங்கே வேலை செய்கிறவர்கள் எந்தப் பழுதையும் என்னிடம் சொல்லக் கூடாது. ஓடு விழுகிறதா, கைப்பிடி ஆடுகிறதா, நேராகக் காஜா மொய்தீனிடம் சொல்ல வேண்டும். தவறி என் முன்னால் யாராவது ஆரம்பித்தால் நான் கையைக் காட்டிவிட்டு எழுந்து அஞ்சடிக்குப் போய்விடுவேன். எதிர்க்கடையில் ஒரு தே ஓ, பால் இல்லாத தேநீர், குடிப்பேன். திரும்பி வரும்போது அவர்களுக்குள் பேசி முடித்திருப்பார்கள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். போகப் போக அதுவே இந்த இடத்துப் பழக்கம் ஆகிவிட்டது. வரவேற்பில் நிற்கும் அதிரா, சொல்ல ஏதாவது இருந்தால், “அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய போங்க” என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். பெரியவர் வந்தால் எழுந்து நிற்பதைப் போல.

நீங்கள் புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. தெரியாது என்று சொன்னால் மட்டும் போதாது, தெரிந்திருக்க வேண்டாமா என்றும் கோர்ட் கேட்கும் என்கிறீர்கள். கேட்கும். கிளார்க்காக இருந்தவனுக்கு அந்த மறுபாதி தெரியாமல் போகுமா? அதற்குத்தான் காஜா மொய்தீன்.

அவன் முதலில் மாதச் சம்பளத்துக்கு இருந்தான். காலையில் வந்தால் இருட்டும்வரை இங்கேயேதான் ஏதாவது தட்டிக்கொண்டிருப்பான். சம்பளக்காரன் செய்கிற தப்பு முதலாளியின் தப்பு. சுயமாகத் தொழில் செய்கிறவனின் தப்பு அவனோடு போய்விடும், பெரும்பாலும். ஆகவே அவனை ஒருநாள் உட்காரவைத்துப் பேசினேன். எத்தனை நாளைக்குத் தம்பி இன்னொருவனுக்குக் கைகட்டி நிற்பாய், சொந்தமாகப் பதிந்துகொள், எங்கள் வேலையை ஒப்பந்தமாகத் தருகிறேன், வெளி வேலையும் எடுத்துக்கொள் என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹமீதா அன்றைக்கு எல்லாருக்கும் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தாள். தன் பெயர் போட்ட நீலச் சட்டை ஒன்று அச்சடித்துக்கொண்டான். போலீஸ் வந்து அழைத்துப்போன அன்றும் அந்தச் சட்டைதான் போட்டிருந்தான். அவன் எனக்கு நன்றி சொன்னவன், பிள்ளை. ஆனால் ஏற்பாட்டில் கோளாறு எதுவும் இல்லை.

இந்த வருஷ மழை உங்களுக்குத் தெரியும். பழைய சுவர்கள் தண்ணீர் குடித்துவிட்டன. மேல்மாடிக்குப் போகும் மின்சாரத்துக்கு ஒரு சுவிட்ச் உண்டு, ஈ.எல்.சி.பி. என்பார்கள். எங்கேயாவது மின்சாரம் கசிந்தால் தானாகவே விழுந்து மொத்தத்தையும் அணைத்துவிடும். அது விழ ஆரம்பித்தது. காலையில் விழும், பகலில் விழும், ஆள் குளித்துக்கொண்டிருக்கும்போது விழும். தலையில் சோப்பு நுரையோடு ஒரு ஜெர்மன்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு கீழே வந்து நின்றார். அன்று சாயங்காலமே இணையத்தில் ஒற்றை நட்சத்திரம். முஸ்தஃபா ஒவ்வொரு விமர்சனத்தையும் எனக்கு அனுப்புவார். அதோடு ஒரு வரி: “தயாளன், இதப் பாத்து என்னா பண்ணப் போறீங்க?”

காஜா மொய்தீனைக் கூப்பிட்டேன். சுவரில் காதை வைத்துக் கேட்கிறவன் மாதிரி மாடி முழுக்கச் சுற்றிவிட்டு வந்தான்.

“அண்ணே, செவத்துக்குள்ள எங்கயோ தண்ணி எறங்குது. வயரு பழசு. சுவிட்ச் விழுறது நல்லதுதான், அதுதான் நம்மள காப்பாத்துது. செவத்த ஒடச்சி வயரு மாத்தணும் லா.”

இது மரபுக் கட்டடம். சுவரை உடைக்க வேண்டுமென்றால் நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்க வேண்டும், மேல்மாடியை மாசக்கணக்கில் மூட வேண்டும். உடைக்காமல் வேறு வழியே இல்லையா என்று கேட்டேன்.

“இருக்கு. சுவிட்ச்ச சுத்தி ஒரு வயரு போட்டு விட்டா அது விழாது. ஆனா ஆள் விழுவான் அண்ணே. நான் செய்ய மாட்டேன்.”

நான் எழுந்து வெளியே போவதற்குள் சொல்லி முடித்துவிட்டான். இந்த விவகாரத்தில் நான் செய்த தப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். அவன் பேசி முடிக்கும்வரை நின்றுவிட்டேன்.

மறுநாள் அவன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டான். ஒப்பந்தக்காரன் அல்லவா, நான் தடுக்க முடியாது. இடையில் ஒரே ஒரு முறை வந்து கீழே இரண்டு பல்பு மாற்றிவிட்டு அவசரமாக ஓடினான். மேல்மாடியில் சுவிட்ச் விழுவது அதற்குள் நின்றுபோயிருந்தது. மழை மட்டும் நிற்கவில்லை. அதிராவுக்கு ஒரே சந்தோஷம். “காஜா அண்ணே சரி பண்ணிட்டாரா அண்ணே? இப்ப விழவே இல்ல” என்றாள். நான் சிரித்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. அவளாக அப்படி எடுத்துக்கொண்டு, போலீசிலும் அப்படியே சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கொஞ்சம் இருங்கள். அந்த ஃபேனை நிறுத்திவிடுகிறேன், அதன் சத்தம் தாங்கவில்லை. இல்லை, நீங்களே நிறுத்துங்கள். நான் இப்போதெல்லாம் சுவிட்சில் கை வைப்பதில்லை. வீட்டில் வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்துத்தான் குளிக்கிறேன்.

செல்வநாயகி ஆன்ட்டியும் அவர் கணவர் தியாகராஜாவும் தைப்பிங்கிலிருந்து வருகிறவர்கள். ஆன்ட்டிக்கு முழங்கால் வைத்தியம். எந்த ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாலும் தங்குவது எங்களிடம்தான், ஏனென்றால் மேனேஜர் நம்ம ஆள். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு டின் பயத்தம் பணியாரம் கொண்டுவருவார். இந்த முறையும் கொண்டுவந்தார். டின்னை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

“இந்த முறையாவது சுடுதண்ணி வருமோ தம்பி? முழங்கால் நோ விடுகுதில்லை. போன முறை பாதிக் குளியலில கரண்ட் நிண்டுபோச்சு.”

வரும் ஆன்ட்டி என்றேன். கீழ்த்தளத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. அது தனி மின்சாரம், அங்கே எந்தப் பிரச்சினையும் இல்லை. முழங்கால் நோவோடு ஒரு கிழவி வந்தால் எந்த மேனேஜரும் கீழறையைத்தான் கொடுப்பான். ஆனால் இவர்கள் எப்போதும் ஏழாம் அறைதான் கேட்பார்கள், தெருவைப் பார்க்கலாம் என்று. திடீரென்று நானாகக் கீழறையைக் கொடுத்தால், ஏன் கொடுத்தாய் என்று நாளைக்கு ஒருவர் கேட்கலாம். மேலே ஆபத்து என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கலாம். ஏழாம் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். பையை நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

அடுத்த நாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து நனைந்து வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதிரா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். “அண்ணே, ரூம் ஏழு ஆன்ட்டி சொல்றாங்க, பாத்ரூம் பைப்ப தொட்டா கை—”

நான் கையைக் காட்டினேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, “சாரி அண்ணே, நீங்க வெளிய போங்க, நான் காஜா அண்ணேக்கு ஃபோன் போட்டுக்கிறேன்” என்றாள். வெளியே போனேன். தே ஓ குடித்தேன். நாக்கு சுட்டுவிட்டது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. காஜா மொய்தீன் வேலை செய்யும் இடத்தில் போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், எடுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அதிராவுக்குத் தெரியாது. அவள் விடாமல் அடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

உள்ளே வந்தபோது மேசைத் தொலைபேசி மணி அடித்தது. அதிரா கைப்பேசியைக் காதில் வைத்திருந்ததால் நான் எடுத்தேன். ஆன்ட்டிதான்.

“தம்பி, அந்தப் பிள்ளையிட்ட ஒரு விசயம் சொன்னனான். சரி பண்ணியாச்சோ? நான் குளிக்கலாம்தானே?”

இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லாரும் என்னைப் பிடிப்பீர்கள். குளிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். இத்தனை காலம் வெளியே போய் நின்றதெல்லாம் வீண். நான் யோசித்து, பொய் இல்லாத ஒரு பதிலாகத்தான் சொன்னேன்.

“அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க ஆன்ட்டி. சுடுதண்ணி இருக்கு.”

“நல்லது தம்பி” என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகு நான் மின்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அது படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. ஏன் அங்கே போனேன் என்று கேட்காதீர்கள். மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரு வேளை ஏதாவது என்றால் உடனே அணைத்துவிடலாம் என்றுதான் போனேன். அதை எனக்கு ஆதரவாக எழுதிக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குழாய் அந்தச் சுவர் வழியாகத்தான் இறங்குகிறது.

பிறகு தியாகராஜா அங்கிளின் குரல். “நாயகி! நாயகி! ஆராவது ஓடியாங்கோ!”

என் கை மெயின் சுவிட்சுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இடது ஓரத்தில் இருக்கும் பெரிய கறுப்புச் சுவிட்ச். அதைக் கீழே தள்ளினால் கட்டடம் முழுக்க அணைந்துவிடும். தள்ளத்தான் போனேன், பிள்ளை. அப்போது அந்தக் கோர்ட்டும் அந்த வக்கீலின் சிரிப்பும் வந்து நின்றன. மாடியில் ஒரு மனிதன் மனைவி பெயரைச் சொல்லிக் கத்துகிறான். வழுக்கி விழுந்திருக்கலாம், நெஞ்சுவலியாக இருக்கலாம். நீ ஏன் ஓடிப்போய் மெயினை அணைத்தாய்? மின்சாரம்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்? அணைத்த கையே சாட்சி சொல்லிவிடும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆள். ஓடிவந்து, அண்ணே கரண்ட், என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்ன மறுநிமிஷம் அணைத்திருப்பேன். சத்தியமாக அணைத்திருப்பேன். அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன்.

அதிரா சத்தம் கேட்டு மேலே ஓடியவள் தடதடவென்று இறங்கி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. படிக்கட்டின் கீழே என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். “அண்ணே, ஆன்ட்டிக்கு—” என்று ஆரம்பித்தாள். சொல்லு, சொல்லு என்று என் உள்ளம் அடித்துக்கொண்டது. அவள் என்னையே பார்த்தாள். பழக்கம் வந்து குறுக்கே நின்றது அவளுக்கு. நான் பழக்கிய பழக்கம்.

“நீங்க வெளிய போங்க அண்ணே” என்றாள்.

போய்விட்டேன்.

அஞ்சடியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவளுக்கு எந்தச் சுவிட்ச் எது என்று தெரியாது. பெயர் எழுதி ஒட்டியிருந்த தாள்கள் ஈரத்தில் உரிந்து விழுந்து நாளாகிவிட்டது. அதையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகத் தட்டினாள். முதலில் வாசல் விளக்கு அணைந்தது. பிறகு இந்தக் கூடத்து விளக்கு. பிறகு மேசைக்கு மேலே இருப்பது. பிறகு படிக்கட்டு. அந்தக் கறுப்புச் சுவிட்சுக்கு அவள் கை வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. மழையில் ஒரு ஆள் என்னிடம் கொம்தாருக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். வழி சொன்னேன். சரியான வழிதான் சொன்னேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு தியாகராஜா அங்கிள் இதோ இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், ஆமாம், நீங்கள் உட்கார்ந்திருப்பதில். மனைவியைத் தூக்கப் போனபோது அவரையும் தூக்கி அடித்திருக்கிறது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை சொட்டச் சொட்ட ஈரம். நான் ஒரு துண்டு கொண்டுபோய்ப் போர்த்தினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, அந்த மனுஷன் எனக்கு ஆறுதல் சொன்னார்.

“நீர் என்ன செய்வீர் தம்பி. உமக்குத் தெரியாதுதானே.”

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். நிம்மதியாக இருந்தது. செத்தவரின் புருஷனே சொல்லிவிட்டார் என்று இருந்தது. அன்றைக்கு இரவு மட்டும் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு மின் ஆணையத்து ஆட்கள் வந்து பலகையைத் திறந்து அந்த வயரைக் கண்டுபிடித்தார்கள். சுவிட்சைச் சுற்றிப் போட்ட ஒரு முழ நீளத் துண்டு வயர். யாருடைய வேலை என்று கேட்டார்கள். மின்வேலை ஒப்பந்தம் யாரிடம் இருக்கிறது என்று நான் காட்டினேன். அவ்வளவுதான். அவன் செய்தான் என்று நான் சொல்லவே இல்லை. காஜா மொய்தீன் என்னைப் பார்த்து, “அண்ணே, நான் செய்ய மாட்டேன்னு உங்ககிட்டதானே சொன்னேன், சொல்லுங்கண்ணே” என்றான். நான் அப்போதும் வெளியே போனேன். போலீஸ்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், அதிரா தலையைக் குனிந்துகொண்டாள்.

நீங்கள் இப்போது கேட்கப்போவது எனக்குத் தெரியும். வெகுநேரமாக அதைக் கேட்காமல் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருக்கிறீர்கள். கேட்டுவிடுங்கள். சரி, நானே சொல்கிறேன்.

அந்த வயரை நான்தான் போட்டேன். காஜா மொய்தீன் மறுத்துவிட்டுப் போன மறுநாள் காலை, அதிரா பசாருக்குப் போயிருந்தபோது. கஷ்டமே இல்லை. எப்படிச் செய்வது என்று அவன்தான் ஒரே வரியில் சொல்லியிருந்தானே. மெயினை அணைத்துவிட்டு, அவன் இங்கே விட்டுப்போன பெட்டியிலிருந்து திருப்புளியும் வயரும் எடுத்தேன். திரும்ப மின்சாரம் வந்தபோது சுவிட்ச் விழவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? முஸ்தஃபாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், பிரச்சினை தீர்ந்தது என்று. கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினார்.

இதை நீங்கள் போலீசில் சொல்ல முடியாது. என் வாக்குமூலத்தில் வராது. வாக்குமூலத்தில் என்ன எழுத வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன்: மின்பழுது பற்றி என்னிடம் எந்த ஊழியரும் தெரிவிக்கவில்லை. அதிராவைக் கேட்டுப் பாருங்கள், அதை அவளால் மறுக்க முடியாது. காஜா மொய்தீனுக்கு நல்ல வக்கீலாகப் பார்த்துக் கொடுங்கள், செலவை முஸ்தஃபா ஏற்றுக்கொள்ளட்டும். கவனக்குறைவு வழக்குதானே. அவன் சின்ன வயசு, உள்ளே போனாலும் வெளியே வந்து பிழைத்துக்கொள்வான். நான் இந்த வயசில் எங்கே போவது? என்ன பிள்ளை, எழுந்துவிட்டீர்கள்? உங்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், கொஞ்ச நாள் கால் தரையில் பாவாது. நான் பேச ஆரம்பித்தபோதே நீங்கள் வெளியே போயிருக்கலாம்.

அந்தக் கதவைத் திறக்காதீர்கள். திறக்க வேண்டாம் என்று சொல்கிறேன். பின்கதவைப் போலீஸ் பூட்டி முத்திரை வைத்திருக்கிறது, எனக்குப் போக இந்த ஒரு வழிதான் இருக்கிறது.

வந்துவிட்டாள். சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாள், நான் எழுந்து நின்றும் விலகவில்லை. அழவும் இல்லை. கையில் அந்த நீலச் சட்டையை மடித்து வைத்திருக்கிறாள், லோக்காப்பில் வேறு உடை மாற்றிவிட்டு இதைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

“தயாளன் அண்ணே, நான் ஒண்ணும் சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு அந்த வயர போடலன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“எனக்கு எப்படிம்மா தெரியும், ஹமீதா? என்கிட்ட யாரும் சொல்லலையே.”